அப்பாவைக் கேட்டீர்களா?

கேள்வி:



என் அப்பாவுக்கு 71 வயது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். போன வருஷம் தீபாவளிக்குப் பிறகு விடாத இருமல். நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள்; கண்டுபிடிக்கும்போதே எலும்புக்குப் பரவியிருந்தது. மதுரையில் ஆறு கீமோ போட்டோம். போன மாதம் எடுத்த ஸ்கேனில் கல்லீரலுக்கும் வந்துவிட்டது தெரிந்தது. "இனி கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது. வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் இதுவரை நோயின் பெயரைச் சொல்லவில்லை. சளி கட்டிப் புண்ணாகியிருக்கிறது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் அன்றைக்கே உடைந்துபோய்விடுவார் என்று அண்ணன் பயப்படுகிறான். அவன் துபாயில் இருக்கிறான். தினமும் போன் செய்து, "பெரிய ஆஸ்பத்திரியில சேரு, ஐசியூவில வை, வென்டிலேட்டர் போடணும்னாலும் போடு, பணத்தைப் பத்திக் கவலைப்படாதே" என்கிறான். அம்மா அப்பாவின் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. எதுவும் பேசுவதும் இல்லை.

இப்போது இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்குவதில்லை. பக்கத்து கிளினிக் நர்ஸ் வந்து குளுக்கோஸ் ஏற்றுகிறார். மூக்கு வழியாக டியூப் போடலாமா என்று பேச்சு நடக்கிறது. முதுகுவலியால் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்தார்கள். அது கடைசி நேரத்தில் கொடுக்கிற மருந்து, கொடுத்தால் பழகிவிடும் என்று சொன்னார்கள். பயந்துபோய்ப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் வந்த பெரியம்மா, "ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகாம, டியூபும் போடாம வீட்ல கிடத்தினா, அது தலைக்கூத்தல் இல்லாம வேற என்னடி?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது. நான் எடுக்கிற முடிவால் அப்பா சீக்கிரம் போய்விட்டால் அந்தப் பாவத்தை எப்படிச் சுமப்பேன்? என்ன முடிவு எடுக்க வேண்டும், சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பீரோவைத் திறங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எழுதித் தந்த மருத்துவரிடம் இன்றைக்கே போனில் பேசிவிட்டு மார்ஃபினைத் தொடங்குங்கள். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், அளவை மாற்றுவார். சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம், குமட்டல் இருக்கலாம். அது தானாகப் போய்விடும். போகாத ஒன்று மலச்சிக்கல். அதற்கான மருந்தை மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே சேர்த்துத் தொடங்குங்கள். மருத்துவர் எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

பழகிவிடும் என்ற பயத்துக்கு இங்கே வேலையில்லை. புற்றுநோய் வலிக்கு, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. கொஞ்சமாகத் தொடங்கி வலிக்குத் தகுந்தபடி கூட்டிக்கொண்டு போகும்போது அது ஆயுளைக் குறைப்பதும் இல்லை. "கடைசி நேரத்து மருந்து" என்ற பெயர் அதற்கு வந்ததில் மருத்துவர்களான எங்கள் பங்கும் உண்டு. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் இருந்த கெடுபிடிக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே நிறுத்தின. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை எழுதிப் பழகாமலே வளர்ந்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி, பிறகு மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசிய போதை மருந்துகளாக்கி வழியைச் சுலபமாக்கினார்கள். பயம் மட்டும் இன்னும் திருந்தவில்லை. உங்கள் கையில் மாத்திரை இருக்கிறது. அதுவே பலருக்குக் கிடைக்காத பாக்கியம்.

எலும்பு வலிக்கு இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு முறை கொடுக்கும் கதிர்வீச்சுகூடப் பலருக்கு வலியை நன்றாகக் குறைக்கும். கீமோ வேண்டாம் என்று சொன்ன மருத்துவரிடமே இதைக் கேளுங்கள். அதோடு ஒரு எச்சரிக்கை: முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குத் திடீரென்று கால் மரத்தாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். "வீட்டில் வைத்துப் பார்ப்பது" என்றால் எதற்குமே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூடாது என்று அர்த்தம் இல்லை.

வலி அடங்கி அப்பா ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு நீங்கள் கேட்ட கேள்விக்கு வரலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணன் என்ன நினைக்கிறார், பெரியம்மா என்ன நினைக்கிறார், டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இப்போது என் கருத்தையும் கேட்கிறீர்கள். அப்பா என்ன நினைக்கிறார் என்று மட்டும் ஒரு வரி இல்லை. இது உங்கள் மேல் குற்றமாகச் சொல்வது இல்லை. எனக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். யாருடைய உடம்போ அவர் மட்டும் பக்கத்து அறையில் படுத்திருப்பார்.

அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? முப்பது வருஷத்துக்கும் மேலாக ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பார்த்தே வாழ்ந்த மனிதர், புற்றுநோய்ப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே ஆறு முறை உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் முடி கொட்டியவர்களோடு பேசியிருக்கிறார். சளிக்கு யாரும் மதுரைக்குப் போய் கீமோ போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? நீங்கள் அவர் உடைந்துவிடக்கூடாது என்று மறைக்கிறீர்கள். பல வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன், நோயாளிகளும் அதே காரணத்துக்காகப் பிள்ளைகளிடம் மறைத்துக்கொண்டிருப்பார்கள். "எனக்குத் தெரியும்னு எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டா" என்று என்னிடமே கேட்டுக்கொண்டவர்கள் உண்டு.

அதற்காக இன்றே போய் "அப்பா, உங்களுக்கு கேன்சர், பரவிடுச்சு" என்று போட்டு உடைக்காதீர்கள். சொல்வதற்கு முன்னால் கேளுங்கள். மனசும் உடம்பும் கொஞ்சம் தெளிவாக இருக்கிற நேரமாகப் பார்த்து, டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "உடம்பு எப்படிப் போய்க்கிட்டு இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்கப்பா?" என்று ஆரம்பியுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். இதுதான் கஷ்டமான பகுதி. அவர் அரை நிமிஷம் மோட்டுவளையைப் பார்ப்பார். அந்த அரை நிமிஷத்தில் "எல்லாம் சரியாகிடும்பா" என்று நீங்கள் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பேச ஆரம்பித்தால், "டாக்டர் சொன்னதெல்லாம் சொல்லட்டுமா, இல்ல நாங்க பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். எல்லாம் தெரிய வேண்டும் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். "மருந்து இனிமே நோயைக் கட்டுப்படுத்தாதுன்னு சொல்றாங்க. வலியும் மூச்சுத்திணறலும் இல்லாம பார்த்துக்க முடியும்" என்ற அளவில் நிறுத்தினால் போதும். மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள். எதுவும் தெரிய வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அழுதால் அழட்டும், கூடச் சேர்ந்து அழுங்கள். இப்படிப் பேசியதால் அன்றைக்கே உயிரை விட்ட நோயாளி யாரையும் நான் பார்த்ததில்லை.

அடுத்து, அவருக்கு எது முக்கியம் என்பது. எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? யாரைப் பார்க்க வேண்டும்? வீட்டில் இருக்கப் பிடிக்கிறதா, ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் தைரியமாக இருக்கிறதா? மூச்சுக்கு மெஷின் வைத்தால் பேச முடியாது, அது வேண்டுமா? தன்னால் பேச முடியாமல் போனால் யார் தனக்காகப் பேச வேண்டும்? இதையெல்லாம் ஒரே நாளில் கேட்டு முடிக்க இது விசாரணை இல்லை. இன்றைக்கு ஒன்று, நாளை மறுநாள் ஒன்று. சில சமயம் பதில் நேராக வராது. "பென்ஷன் புக்கு எங்க இருக்குன்னு அம்மாவுக்குக் காட்டிட்டியா?" என்று கேட்பார். அதுவே பதில்தான், தான் போன பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தைப் பற்றி யோசிக்கிறார். பேச்சை மாற்றாமல் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் முன்னாலேயே அம்மாவிடம் காட்டுங்கள்.

"எனக்கென்ன தெரியும், நீங்களே பார்த்து எது செஞ்சாலும் சரி" என்று அவர் சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அப்போது அந்த "நீங்க" யார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளையா, நீங்களா, அம்மாவா? பெயர் வாங்கிவிட்டால் பின்னால் வரும் சண்டையில் பாதி குறையும். அம்மாவையும் தனியாகக் கேளுங்கள். பேசாமல் இருப்பதால் சொல்ல எதுவும் இல்லை என்று ஆகாது. ராத்திரி அப்பாவின் முனகலை முழுதாகக் கேட்கிறவர் அம்மாதான்.

இனி ஐசியூ. தீவிர சிகிச்சைப் பிரிவு அருமையான இடம், திரும்பி வரக்கூடியவர்களுக்கு. பாம்பு கடித்தவர், விபத்தில் அடிபட்டவர், நிமோனியா முற்றிய இளைஞர் ஆகியோருக்கு வென்டிலேட்டர் அந்த ஆபத்தான சில நாட்களைக் கடத்திக் கொடுக்கும். நோய் உடம்பெங்கும் பரவிக் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு அது கடத்திக் கொடுக்க மறுகரை இல்லை. தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க மயக்க மருந்து கொடுப்பார்கள், சில இடங்களில் கையையும் கட்டுவார்கள். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவார்கள். எலும்பில் நோய் பரவிய வயதானவருக்கு விலா உடைவது சாதாரணம். அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் பார்க்கலாம். அண்ணன் அனுப்பும் பணம் இதற்குத்தான் போகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அப்பா வேண்டும் என்றால் தாராளமாகச் சேருங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அண்ணனின் மனசு ஆற வேண்டும் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.

அண்ணனைத் திட்டவும் வேண்டாம். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியவில்லையே என்ற வேதனை. பணமும் போனும்தான் அவர் கையில் இருக்கின்றன. "டாக்டர் இப்படிச் சொன்னார்" என்று நீங்கள் சொல்லி அவர் நம்புவது கஷ்டம். மருத்துவரிடம் நேரம் கேட்டு வீடியோ காலில் அவரையே பேச வையுங்கள். "குணமாகுமா? குணமாகாது என்றால் எவ்வளவு நாள் கூடும்? அந்த நாள் எப்படி இருக்கும்?" என்ற மூன்றையும் அவரே கேட்கட்டும்.

அவரிடம் இன்னொரு செய்தியும் சொல்லுங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2010-ல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் தொடக்கத்திலிருந்தே கொடுத்தார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தார் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அதிக நாள் இருந்தவர்கள் அவர்கள்தான்: சராசரியாக 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். ஆகவே ஆதரவு சிகிச்சைக்குப் போவது ஆயுளைக் கத்தரிப்பது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எல்லா வீட்டிலும் இதில்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். சாப்பாடு ஊட்டுவது நமக்கு வெறும் சோறு கொடுப்பது இல்லையே. ஆனால் உண்மை என்னவென்றால், சாப்பிடாததால் அவர் மெலியவில்லை. நோய் முற்றியதால் பசி நின்றுபோயிருக்கிறது. அந்த நிலையில் உள்ளே போவதை உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாது. டியூப் போட்டு ஊற்றினால் வயிறு உப்பும், குமட்டும், சில சமயம் நுரையீரலுக்குள் ஏறும். இப்போது அவருக்கு டியூப் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உணவுக்குழாய் அடைத்துக்கொண்டு, பசியோடு தவிக்கிறவர் என்றால் பேச்சு வேறு.

குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஏற்றும் 5 சதவீத அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, மிச்சம் தண்ணீர். சத்து என்று பார்த்தால் 100 கலோரிகூட முழுதாகத் தேறாது. உடம்பு தளர்ந்துகொண்டு வரும்போது அந்தத் தண்ணீர் கால் வீக்கமாகவும், நெஞ்சுச் சளியாகவும், மூச்சுத்திணறலாகவும் மாறும். வாந்தி பேதியால் தண்ணீர் வற்றியிருந்தால் ஓரிரு நாள் ஏற்றிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. மற்றபடி தினமும் ஊசி குத்துவதற்கு அவர் கையில் நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருப்பது யாருக்காக என்று யோசியுங்கள்.

ஊட்டுவதை நிறுத்த வேண்டாம், அளவை மறந்துவிடுங்கள். அவர் கேட்டதை, கேட்ட நேரத்தில், இரண்டு ஸ்பூன். காப்பி கேட்டால் காப்பி. ஐஸ்கிரீம் கேட்டால் ஐஸ்கிரீம். சர்க்கரை நோய்ப் பத்தியம் இருந்தால் அதைத் தளர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொழுப்பு மாத்திரை போல இனிப் பயன் தராத மாத்திரைகளை நிறுத்தலாமா என்றும் கேளுங்கள். விழுங்க முடியாதவருக்கு ஒரு மாத்திரை குறைந்தாலும் நிம்மதிதான். "இன்னும் ஒரு வாய், எனக்காக" என்று கெஞ்சுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பெரியம்மாவின் கேள்வி. உங்கள் பக்கத்து மண்ணில் அந்தச் சொல் சும்மா எழவில்லை, எழுந்தால் வலிக்காமலும் இருக்காது. தேசிய விருது வாங்கிய 'பாரம்' படம் அதைப் பற்றியதுதான். தலைக்கூத்தலில், சாகும் தறுவாயில் இல்லாத முதியவரைக்கூட எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, மற்றவர்கள் சேர்ந்து முடித்துவிடுகிறார்கள். அது கொலை. இங்கே அப்பாவை நோய் கொண்டுபோகிறது. நீங்கள் அவர் வலியைப் போக்குகிறீர்கள், பலன் தராத மருத்துவத்தை மட்டும் தவிர்க்கிறீர்கள். தலைக்கூத்தலில் மிகக் கொடுமையான பகுதி, அந்த மனிதரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பது. நேராகச் சொல்கிறேன், அப்பாவைக் கேட்காமல் ஐசியூவில் சேர்த்தாலும், கேட்காமல் வீட்டில் வைத்திருந்தாலும், அந்த ஒரு குறை உங்கள் வீட்டிலும் இருக்கும்.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். தெளிந்த மனநிலையில் இருக்கும் ஒருவர் ஒரு சிகிச்சையை வேண்டாம் என்று சொல்வது அவர் உரிமை. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் சுலபமாக்கினார்கள்: அப்பா எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். தனக்காகப் பேச வேண்டியவர் பெயரையும் அதில் குறிப்பிடலாம். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் ரத்து செய்யலாம். பென்ஷன், நாமினி பற்றி யோசிக்கிற மனிதருக்கு இது புரியாத விஷயமில்லை.

ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வென்டிலேட்டர் வைக்காமல் இருப்பதைவிட, வைத்த பிறகு எடுப்பது நடைமுறையில் பெரும்பாடு. அதே மருத்துவமனையில் மூன்று மருத்துவர் குழு ஒன்று, பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் இருக்கும் இரண்டாவது குழு, இரண்டும் ஒப்ப வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டு, "நீங்களே விருப்பப்பட்டுக் கூட்டிட்டுப் போறதா எழுதிக் கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிடும் இடங்கள் இருக்கின்றன. எப்போதாவது அப்படி ஒரு நிலை வந்தால், மருத்துவர் பேச்சை மீறிப் போவதாக எழுதிய தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். நோய் என்ன, என்ன நிலை, வீட்டில் என்ன மருந்து என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பரும் வாங்குங்கள்.

வீட்டில் இருப்பது என்று அப்பா சொன்னால் இப்போதே சில ஏற்பாடுகள் செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. நர்ஸ் வந்து புண், குழாய் எல்லாம் பார்ப்பார். மூச்சுத்திணறல் வந்தால் ஜன்னலைத் திறந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்து, முகத்தில் படும்படி சின்ன ஃபேன் ஒன்றை வையுங்கள். ஆச்சரியமாக இருக்கும், அது நிஜமாகவே மூச்சுத்திணறலைக் குறைக்கும். மார்ஃபினும் குறைக்கும்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். தேதி சொல்ல யாராலும் முடியாது. மாதத்துக்கு மாதம் தளர்கிறார் என்றால் மாதக் கணக்கு. வாரத்துக்கு வாரம் என்றால் வாரக் கணக்கு. நேற்றைக்கு இன்று மாறுகிறார் என்றால் நாள் கணக்கு. கடைசி நாட்களில் பெரும்பாலும் தூக்கத்திலேயே இருப்பார். கை கால் சில்லிட்டு, முட்டியில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாகப் போய், கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்கிறவர்களுக்குத்தான் அது பயங்கரம், அவருக்கு அது தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மாத்திரை விழுங்க முடியாமல் போகும்போது வலி மருந்தை வேறு வழியில் எப்படிக் கொடுப்பது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பதறி 108-ஐக் கூப்பிட்டால் அவர்கள் வந்து முதலுதவி செய்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். அது அவர்கள் கடமை. ஆகையால் யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே முடிவு செய்து, நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள்.

சொந்தக்காரர்கள் பால் ஊற்ற வருவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். விழுங்க முடியாதவர் வாயில் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய் இருமித் திணறுவார். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தடவட்டும். ஒவ்வொருவரும் செய்த மாதிரியும் இருக்கும், அவருக்கும் உபத்திரவம் இல்லை. பேரக்குழந்தைகளை வெளியே துரத்தாதீர்கள்; பக்கத்தில் வந்து கையைப் பிடிக்கட்டும்.

வீட்டில் இறந்தால் சான்றிதழ் கிடைக்காது, போலீஸ் வரும் என்று பலர் பயமுறுத்துவார்கள். நோயால் நேர்ந்த இறப்புக்கு அப்படி எதுவும் இல்லை. கடைசியாகப் பார்த்து வந்த மருத்துவர் 4ஏ படிவத்தில் காரணம் எழுதித் தருவார். கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம், நகராட்சி என்றால் அங்கே, 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

நீங்கள் கேட்ட அந்தப் பாவம் பற்றி. அப்பா போவதை முடிவு செய்தது நோய். நீங்கள் முடிவு செய்வதற்கு அது விடப்படவே இல்லை. அவரைக் கேட்டு, அவர் சொன்னதைச் செய்தீர்கள் என்றால் சுமப்பதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது. வருத்தம் இருக்கும். அது வேறு.

கடைசியாக அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். காரியத்துக்கு வருவதற்கென்று லீவைச் சேர்த்து வைத்திருப்பார், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த லீவை இப்போதே போட்டுவிட்டு, அப்பா பேசுகிற நிலையில் இருக்கும்போதே வந்து பத்து நாள் கூட இருக்கட்டும். ஐசியூவுக்கு அனுப்ப நினைத்த பணத்தில் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.